வயது போதாது, உயரம் வேண்டும்

கடந்த மே மாதம் பள்ளி விடுமுறைக்கு என் மகளின் குடும்பம் கோவையிலிருந்து பெர்ன்ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. காரிலிருந்து இறங்கிய ஒன்பது வயதுப் பேத்தி முதல் வேலையாக என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தாள். "தாத்தா, என் வகுப்பில் யாருமே இதில் உட்காருவதில்லை. நான் என்ன கைக்குழந்தையா?" பின்னிருக்கையில் வைக்கப்பட்டிருந்த 'பூஸ்டர்' இருக்கையைச் சுட்டிக்காட்டித்தான் அவள் அப்படிக் கேட்டாள்.

பூஸ்டர் இருக்கை என்பது குழந்தையைச் சில அங்குலங்கள் உயர்த்தி உட்காரவைக்கும் ஒரு துணை இருக்கை. பெரியவர்களுக்காக அமைக்கப்பட்ட 'சீட் பெல்ட்' எனும் இருக்கை வார், குழந்தையின் உடலில் சரியான இடத்தில் படிவதற்கு அது உதவுகிறது. மகள் குடும்பம் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் வசித்தபோது அங்குள்ள சட்டத்தின் காரணமாக வாங்கியது. இந்தியா திரும்பிய பின்னும் மகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்பதால் வீட்டில் என் சொல்லுக்குச் சற்று மதிப்பு உண்டு. "ஒன்பது வயதாகிவிட்டதே, போதும் எடுத்துவிடுங்கள்" என்று தீர்ப்பளித்தேன். மகளின் முகத்தில் உடன்பாடில்லை. ஆயினும் அப்பாவின் பேச்சை மறுக்க மனமின்றி அந்த இருக்கையை எடுத்து மாடிப்படியின் கீழ் வைத்துவிட்டாள். பேத்தி வெற்றிக் களிப்பில் துள்ளினாள்.

இரண்டு நாள் கழித்து குன்னூருக்குப் புறப்பட்டோம். நான்தான் வண்டி ஓட்டினேன். கேத்தி அருகே ஒரு வளைவில் மூடுபனிக்குள்ளிருந்து காட்டெருமை ஒன்று சாலையில் இறங்கியது. நீலகிரியில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. வேகம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்காது. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. காட்டெருமை எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள் சென்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று நிம்மதியோடு திரும்பிப் பார்த்தேன்.

பேத்தி இருக்கையில் பாதி சரிந்து கிடந்தாள். மார்பின் குறுக்கே செல்ல வேண்டிய வார் அவள் கழுத்தை உரசிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சிவந்த கோடு ஒன்று விழுந்திருந்தது. இடுப்பில் இருக்க வேண்டிய வார் தொப்புளுக்கு மேல் ஏறியிருந்தது. "வயிறு வலிக்கிறது" என்றாள். வலி சற்று நேரத்தில் போய்விட்டது. ஆனால், வண்டி காட்டெருமையின் மீதோ, எதிரே வந்த பேருந்தின் மீதோ மோதியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்றுவரை போகவில்லை. நான் அளித்த தீர்ப்பு பிழையானது. ஏன் பிழையானது என்பதை அன்றிரவு முதல் தேடிப் படித்தேன். அந்தப் படிப்பின் சாரமே இக்கட்டுரை.

இருக்கை வார் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி மோதி நிற்பது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 'மலைப்பாதையில் யார் வேகமாகப் போகிறார்கள்?' என்று கேட்கலாம். 30 கி.மீ. வேகத்தில் மோதுவதுகூட மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்தான். 30 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை 50 கி.மீ. வேகத்திலிருந்து பத்தில் ஒரு நொடிக்குள் நிறுத்த வேண்டுமானால், 400 கிலோவுக்கும் அதிகமான எடைக்கு நிகரான விசையை வார் அந்தக் குழந்தையின் உடல்மீது செலுத்தியாக வேண்டும்.

இவ்வளவு பெரிய விசையை உடலின் எந்தப் பகுதி தாங்குவது? எலும்புகள் தாங்க வேண்டும் என்பதுதான் இருக்கை வாரின் அடிப்படைத் தத்துவம். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின், வோல்வோ நிறுவனத்துக்காக 1959-இல் வடிவமைத்த மும்முனை வார், இடுப்பெலும்பு, மார்பெலும்பு, தோள்பட்டை எலும்பு ஆகிய வலிமையான பகுதிகளில் விசையைப் பகிர்ந்தளிக்கிறது. அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ திறந்துவிட்டது. உலகெங்கும் எண்ணற்ற உயிர்களை அந்த வார் காப்பாற்றி வருகிறது. ஆனால், அது வளர்ந்த மனிதனின் உடலை மனத்தில் கொண்டு அளவெடுக்கப்பட்ட சட்டை. குழந்தைக்கு அது பொருந்தாது.

பொருந்தாமைக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, எலும்பு. வளர்ந்தவர்களின் இடுப்பெலும்பு முன்பக்கத்தில் இருபுறமும் புடைத்து, வாரை மேலே ஏறவிடாமல் கொக்கிபோலப் பிடித்து வைக்கிறது. குழந்தைகளுக்கு இந்தப் புடைப்பு ஏறத்தாழ பத்து வயதுவரை முழுமையாக உருவாவதில்லை. ஆகவே, வார் எளிதில் வழுக்கி வயிற்றின் மீது ஏறிவிடுகிறது. வயிற்றில் எலும்பு இல்லை. குடலும் கல்லீரலும் மண்ணீரலும்தான் இருக்கின்றன. இரண்டாவது, கால். கார் இருக்கையின் ஆழம் பெரியவர்களின் தொடை நீளத்துக்கு ஏற்ப அமைந்தது. குழந்தை முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் அதன் முழங்கால் இருக்கையின் விளிம்பை எட்டாது. கால் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அசௌகரியத்தைத் தவிர்க்கக் குழந்தை தன்னையறியாமல் முன்னே நகர்ந்து சரிந்து உட்காருகிறது. சரிந்த உடனேயே இடுப்பு வார் வயிற்றுக்கு ஏறிவிடுகிறது. என் பேத்திக்கு நடந்தது இதுதான்.

விபத்தில் இப்படி வயிற்றில் ஏறிய வார் ஏற்படுத்தும் காயங்களின் தொகுப்பை மருத்துவ இலக்கியம் 1962-லேயே 'சீட் பெல்ட் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டுப் பதிவு செய்துவிட்டது. குடல் கிழிதல், உள்ளுறுப்புகளில் இரத்தக்கசிவு, உடல் வாரின் மீது மடிவதால் முதுகெலும்பு முறிதல் ஆகியவை அதில் அடங்கும். வெளியே ஒரு கன்றிய கோடு மட்டுமே தெரியும். உள்ளே இருக்கும் சேதம் பல மணி நேரம் கழித்தே வெளிப்படக்கூடும். விபத்துக்குப்பின் ஒரு குழந்தையின் வயிற்றில் வாரின் தடம் தென்பட்டால், அது நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே சரியானது.

கழுத்தை உரசும் வார் இன்னொரு தீங்கையும் செய்கிறது. அது உறுத்துவதால் குழந்தைகள் அதை முதுகுக்குப் பின்னாலோ, அக்குளுக்குக் கீழேயோ தள்ளிவிடுகிறார்கள். அப்போது மேலுடலைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாமல் போகிறது. முன்னிருக்கையின் முதுகில் தலை மோதுகிறது.

இதற்கான தீர்வு வியக்கத்தக்க அளவுக்கு எளியது. குழந்தைக்கு ஏற்ப வாரை மாற்றுவதற்குப் பதிலாக, வாருக்கு ஏற்பக் குழந்தையை உயர்த்துவது. பூஸ்டர் இருக்கை செய்வது இவ்வளவுதான். உயரம் கூடுவதால் தோள் வார் கழுத்திலிருந்து விலகித் தோளின் நடுவில் படிகிறது. இருபுறமும் உள்ள வழிகாட்டிக் கொக்கிகள் இடுப்பு வாரைத் தொடைகளின் மேற்பகுதியில் தாழ்த்திப் பிடிக்கின்றன. இருக்கையின் ஆழம் குறைவதால் கால் இயல்பாக மடங்குகிறது, குழந்தை சரிவதில்லை.

இனி, பேத்தி தொடுத்த வழக்கின் மையக் கேள்விக்கு வருவோம். எப்போது இதை விட்டுவிடலாம்? நாம் எல்லோரும் வயதைத்தான் முதலில் கேட்கிறோம். ஆனால், வார் வயதை அறியாது, உயரத்தைத்தான் அறியும். இங்கிலாந்தில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்கான இருக்கை கட்டாயம். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 4 அடி 9 அங்குலம், அதாவது ஏறத்தாழ 145 செ.மீ. என்று பரிந்துரைக்கிறது, பெரும்பாலான குழந்தைகள் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் அந்த உயரத்தை எட்டுவார்கள் என்றும் கூறுகிறது. நம் நாட்டுக் குழந்தைகளின் சராசரி வளர்ச்சியைப் பார்த்தால், 145 செ.மீ. என்பது ஏறத்தாழ பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் கைகூடுகிறது. என் பேத்தியை அன்றிரவு சுவரோரம் நிற்கவைத்து அளந்தேன். 129 செ.மீ. எந்த நாட்டின் கணக்குப்படி பார்த்தாலும் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

உயரம் ஒரு வழிகாட்டிதான். இறுதிச் சோதனை ஒவ்வொரு காரிலும் செய்யப்பட வேண்டும். ஒரே உயரமுள்ள இரு குழந்தைகளில் ஒருவருக்குக் கால் நீளமாகவும், மற்றவருக்கு உடல் நீளமாகவும் இருக்கலாம். ஒரு காரின் இருக்கை ஆழமாகவும், மற்றொன்றின் இருக்கை குறுகலாகவும் இருக்கலாம். ஆகவே பூஸ்டர் இல்லாமல் குழந்தையை உட்காரவைத்து ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு சாலைப் பாதுகாப்பு வல்லுநர்கள் கூறுகிறார்கள். 

முதலாவது, முதுகு முழுவதும் இருக்கையின் சாய்மானத்தில் ஒட்டியிருக்கிறதா? இரண்டாவது, அந்த நிலையில் முழங்கால்கள் இருக்கையின் விளிம்பில் இயல்பாக மடங்குகின்றனவா? மூன்றாவது, தோள் வார் கழுத்துக்கும் கைக்கும் நடுவே, தோளின் மீது படிகிறதா? நான்காவது, இடுப்பு வார் வயிற்றில் அல்லாமல், தொடைகளைத் தொட்டபடி தாழ்வாக இருக்கிறதா? ஐந்தாவது, பயணம் முடியும்வரை குழந்தையால் இப்படியே உட்கார்ந்திருக்க முடியுமா? ஐந்துக்கும் 'ஆம்' என்றால் பூஸ்டருக்கு விடை கொடுக்கலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் இன்னும் சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

இந்த ஐந்தில், மலைவாசிகளாகிய நாங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது கடைசிக் கேள்வி. வீட்டு வாசலில் நிற்கும் காரில் எந்தக் குழந்தையும் ஐந்து நிமிடம் நிமிர்ந்து உட்காரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36. ஒவ்வொரு வளைவிலும் உடல் ஒருபுறம் சாய்கிறது. குமட்டல் வருகிறது, தூக்கம் வருகிறது. தூங்கும் குழந்தையின் உடல் தளர்ந்து, இடுப்பு முன்னே நழுவுகிறது. பர்லியாறில் சரியாக இருந்த வார் குன்னூர் வரும்போது கழுத்தில் கிடக்கிறது. எனவே மலைப்பாதையில் ஐந்து கேள்விகளையும் பயணத்தின் தொடக்கத்தில் மட்டுமல்ல, நடுவிலும் முடிவிலும் ஒரு முறை கேட்பது நல்லது. தூங்கும் வழக்கமுள்ள குழந்தைகளுக்கு, முதுகுச் சாய்மானமும் தலைக்கு இருபுறம் காப்பும் உள்ள பூஸ்டர் பொருத்தமானது. சாய்மானமில்லாத தட்டையான வகைக்கு ஐரோப்பிய நெறிமுறைகள் 2017 முதல், புதிய வடிவமைப்புகளைப் பொறுத்தவரை, 125 செ.மீ. உயரத்துக்கும் 22 கிலோ எடைக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கே ஒப்புதல் அளிக்கின்றன.

பூஸ்டரை விட்டுவிட்டதாலேயே முன்னிருக்கைக்குத் தகுதி வந்துவிட்டது என்றும் பொருளல்ல. முன்னிருக்கையின் காற்றுப்பை வளர்ந்தவரின் மார்பை இலக்காகக் கொண்டு மின்னல் வேகத்தில் விரிகிறது. அந்த இடத்தில் குழந்தையின் முகமும் கழுத்தும் இருந்தால் காக்க வந்ததே தாக்கிவிடும். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் பின்னிருக்கையில் அமர்வதே பாதுகாப்பு என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை.

நம் நாட்டுச் சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. இருக்கை வார் அணியாமல் வண்டி ஓட்டுவதற்கும், அணியாத பயணிகளை ஏற்றிச் செல்வதற்கும் 1,000 ரூபாய் அபராதம் என்பது முதல் பகுதி. 14 வயது நிறைவடையாத குழந்தையை 'இருக்கை வார் அல்லது குழந்தைக் காப்பு அமைப்பு' கொண்டு பிணைக்காமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்பது இரண்டாம் பகுதி.

குழந்தைகளைத் தனியாகக் கருதிய வகையில் இது வரவேற்கத்தக்க முன்னேற்றம்தான். ஆயினும், இடையில் நிற்கும் 'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் வாரை மாட்டிவிட்டால் சட்டம் நிறைவடைந்துவிடுகிறது. எந்த உயரம்வரை எந்த அமைப்பு என்ற படிநிலை அதில் இல்லை. சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் அந்த இடைவெளியில்தான் நான்கு வயது முதல் பன்னிரண்டு வயதுவரையிலான குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள்.

கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் 'பாரத் என்கேப்' திட்டம் 2023 ஆகஸ்ட் 22-இல் அறிவிக்கப்பட்டு அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வயதுவந்தோர் பாதுகாப்புக்கு 32, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 எனத் தனித்தனி மதிப்பெண்கள் அதில் உண்டு. ஆனால், மோதல் சோதனையில் உட்காரவைக்கப்படும் குழந்தைப் பொம்மைகள் 18 மாதக் குழந்தையையும் 3 வயதுக் குழந்தையையும் ஒத்தவை. ஐரோப்பாவின் சோதனைத் திட்டமோ 2016 முதல் 6 வயது, 10 வயதுக் குழந்தைகளை ஒத்த பொம்மைகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஐந்து நட்சத்திரக் காரை வாங்கிவிட்டோம் என்று நிம்மதி அடையும் பெற்றோர், தங்கள் ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஒத்த பொம்மை அந்த மோதல் சோதனையில் அமரவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பொருளியல் படித்தவன் என்ற முறையில், என் துறை இக்கேள்வியில் எழுப்பிய ஒரு விவாதத்தை மறைக்காமல் கூற வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், அமெரிக்காவின் பல்லாண்டுச் சாலை மரணப் பதிவுகளை ஆராய்ந்து, இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தைத் தடுப்பதில் சிறப்பு இருக்கைகள் சாதாரண வாரைவிட மேம்பட்டவை அல்ல என்று 2008-இல் வெளியான ஆய்வில் வாதிட்டார். பூஸ்டர் வேண்டாம் என்று சொல்ல விரும்புவோர் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஆய்வு இது. 

மறுபுறம், 2003-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, நான்கு முதல் ஏழு வயதுவரையிலான குழந்தைகள் பூஸ்டரில் அமர்ந்திருந்தால், வார் மட்டும் அணிந்தவர்களைவிடக் காயமுறும் வாய்ப்பு 59 விழுக்காடு குறைவு என்று கண்டது. அதே ஆய்வாளர்கள் மேலும் விரிந்த தரவுகளைக் கொண்டு 2009-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நான்கு முதல் எட்டு வயதினருக்கு இது 45 விழுக்காடாக இருந்தது. 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மரணப் பதிவுகளை வேறு முறையில் அலசி, இரண்டு முதல் ஆறு வயதினருக்கு, இருக்கையைப் பொருத்துவதில் பெரும் பிழை இல்லாதபோது, மரண அபாயம் 28 விழுக்காடு குறைவதாகக் கூறியது.

இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? உயிர் பிழைத்தலும் காயமின்றிப் பிழைத்தலும் வெவ்வேறு கேள்விகள். மரணத்தை மட்டும் எண்ணும் ஆய்வு, கிழிந்த குடலோடும் முறிந்த முதுகெலும்போடும் பிழைத்த குழந்தையை 'பிழைத்தவர்' என்ற கட்டத்தில் சேர்த்துவிடும். லெவிட்டே இணையாசிரியராக இருந்த பிந்தைய ஆய்வில், இலேசான காயங்களைக் குறைப்பதில் சிறப்பு இருக்கைகளுக்குப் பங்கு உண்டு என்று காணப்பட்டது. முக்கியமானது என்னவென்றால், எதையும் அணியாமல் இருப்பதே பேராபத்து என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. பூஸ்டர் மறந்துபோன ஒரு நாளில், வாரையும் விட்டுவிடுவதல்ல தீர்வு. சரியாகப் பொருந்தாத வார்கூட வார் இல்லாமையைவிட மேல்.

நம் நாட்டில் அந்த முதல் படியையே நாம் இன்னும் முழுதாக ஏறவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இருக்கை வார் அணியாதவர்கள் 16,715 பேர். அதில் ஏறத்தாழ பாதிப்பேர், அதாவது 8,331 பேர், ஓட்டுநர்கள் அல்லர், பயணிகள். அதே ஆண்டு செப்டம்பர் 4-இல் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தபோது, பின்னிருக்கையில் வார் அணியாமல் அமர்ந்திருந்த இருவரும் மாண்டதையும், முன்னிருக்கையில் இருந்த இருவரும் பிழைத்ததையும் நாடே பேசியது. சில வாரங்களில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

இங்கே கோடையில் வரும் வண்டிகளை எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்க்கிறேன். பின்னிருக்கை நடுவில் நின்றுகொண்டு வரும் குழந்தைகள், மேற்கூரைச் சாளரத்தின் வழியே தலைநீட்டும் குழந்தைகள், தந்தையின் மடியில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வரும் குழந்தைகள். வாடகைக் கார்கள் பலவற்றில் பின்னிருக்கை வாரின் கொக்கி, அழகான இருக்கை உறைக்குள் புதைந்து கிடக்கிறது. வாரை அணிய நினைப்பவரும் உறைக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டிய நிலை. இவர்கள் யாரும் அன்பில்லாத பெற்றோர் அல்லர். மலைப்பாதையின் ஆபத்தை அறியாதவர்கள், அவ்வளவே.

ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். காரில் செல்லும் குழந்தைகளைப் பற்றி மட்டும் இவ்வளவு கவலை எதற்கு? இந்த மலையில் பெரும்பாலான குழந்தைகள் பேருந்திலும், ஆட்டோவிலும், இருசக்கர வாகனத்திலும், நடந்தும்தானே பள்ளிக்குச் செல்கின்றனர்? உண்மை. இருசக்கர வாகனத்தில் நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்று அதே 2019 திருத்தம் கூறுகிறது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்புக் கச்சையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. இவற்றை நடைமுறைப்படுத்துவது இன்னும் அவசரமான பணி என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால், ஒரு குழந்தையின் பாதுகாப்பு மற்றொரு குழந்தையின் பாதுகாப்புக்குப் போட்டியல்ல. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: பெரியவர்களின் அளவுக்குச் செய்யப்பட்ட ஏற்பாட்டில் குழந்தையைத் திணிக்காதிருத்தல்.

செலவும் ஓர் ஆட்சேபம்தான். சில ஆயிரம் ரூபாய் என்பது எல்லா வீட்டுக்கும் சிறு தொகையல்ல. ஆனால், பல இலட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கும் குடும்பம், அதற்கு இருக்கை உறையும், ஒலிப்பெருக்கியும், அலங்கார விளக்கும் வாங்குகிறது. இவற்றோடு ஒப்பிட்டால் பூஸ்டர் ஆடம்பரமல்ல. பொருளியலில் ஒரு பாடம் உண்டு: முடிவெடுப்பவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவர் என்றால் அங்கே தவறான முடிவுகள் மலிந்துவிடும். குழந்தை எதில் அமர வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் நாம். வாரின் விசையைத் தாங்குவது குழந்தையின் வயிறு. சட்டம் தலையிடுவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்? 194-பி பிரிவின் கீழ் வகுக்கப்படும் விதிகளில், வயதோடு உயரத்தையும் சேர்த்து ஒரு படிநிலையை மத்திய அரசு வரையறுக்க வேண்டும். அதுவரை, 135 செ.மீ.-க்குக் குறைந்த குழந்தைக்குப் பூஸ்டர் தேவை என்ற எளிய அறிவுரையையாவது பள்ளிகள் மூலம் பெற்றோரிடம் கொண்டுசேர்க்கலாம். 'பாரத் என்கேப்' சோதனையின் அடுத்த கட்டத்தில் வளர்ந்த குழந்தைகளின் பொம்மைகள் இடம்பெற வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை உள்ளது. அந்தப் பதிவின்போதே, 'பின்னிருக்கையில் வார் அணியுங்கள், குழந்தைகளை உரிய இருக்கையில் அமர்த்துங்கள்' என்று இரண்டு வரிகள் சேர்ப்பதற்கு அரசுக்கு ஆகும் செலவு ஏதுமில்லை. வாடகைக் கார்களின் தகுதிச் சான்றை வழங்குமுன், பின்னிருக்கை வார்களின் கொக்கிகள் வெளியே தெரிகின்றனவா என்று பார்ப்பதற்கும் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஓர் அளவுநாடா, ஐந்து கேள்விகள், சற்றுப் பொறுமை. குழந்தைக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டால் அதைப்போல் விதியை மதிப்பவர் வேறு யாருமில்லை என்பதை என் பேத்தியிடம் கற்றுக்கொண்டேன். குன்னூரிலிருந்து திரும்பிய அன்றிரவு, மாடிப்படியின் கீழிருந்து பூஸ்டரை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன்: "நீ கைக்குழந்தை இல்லை. தாத்தாதான் அளக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்." அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் எப்போது அளப்பது?" என்று கேட்டாள்.

சமையலறைக் கதவின் நிலையில் பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டோம். ஒன்று 129-இல், மற்றொன்று 145-இல். ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தபோது அவளே போய்க் கதவோரம் நின்றாள். இரண்டு செ.மீ. கூடியிருந்தாள். மேல் கோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் போய்க் காரில் தன் பூஸ்டரில் அமர்ந்து, வாரைத் தானே இழுத்துத் தொடையோடு படியவைத்து மாட்டிக்கொண்டாள். அதன் பிறகே நான் வண்டியைக் கிளப்பினேன்.